சூப்பர்வைசருக்குப் பத்து நாள்

ஏப்ரல் 14

இன்று முதல் நான் கைதி.

குற்றம்: பள்ளி வாசலில் நிற்கும் நிறுவனர் சிலைக்கு, புண்ணை நக்காமல் இருக்க நாய்களின் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை மாட்டியது. சாட்சி: கூம்பின் உள்பக்கம் அம்மாவின் கிளினிக் முத்திரை, கூடவே ‘லார்ஜ்’ என்ற எழுத்து. நிறுவனருக்கு மீடியமே போதும். அவசரத்தில் அளவு பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு தலைமையாசிரியை அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

தண்டனை: லீவு முழுக்க அம்மாவின் கிளினிக்கில் முன்மேசை. அம்மா டாக்டர் எமல்டா, தூத்துக்குடியில் நாய், பூனை, கிளி, முயல் எல்லாம் பார்ப்பவள். கிளினிக் கீழே, வீடு மேலே. அதனால் சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில் பதினேழு படிதான். அப்பா கப்பலில் இருக்கிறார், மேல்முறையீடு செய்ய வழியில்லை.

“போன் உள்ள வச்சிரு. வாறவங்ககிட்ட கேட்டு அட்டைய நிரப்பு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றாள் அம்மா.

“மூச்சு விடலாமா?”

“மெதுவா விடு. பூனை பயப்படும்.”

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குடற்புழு படம். இன்றைக்குக் கொக்கிப்புழு. துணைக்கு ஆளாச்சு.

ஏப்ரல் 17

அட்டை நிரப்புவது எப்படி: பிராணியின் பெயர், வயது, உரிமையாளர், போன் நம்பர், என்ன தொந்தரவு, குடற்புழு மருந்து கொடுத்ததா, வெறிநோய்த் தடுப்பூசி போட்டதா. கடைசி இரண்டுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று கட்டங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டை. அட்டை என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது.

கூடுதல் தண்டனையும் உண்டு. அடுத்த மாதம் மதுரையில் புதிதாகப் படித்து வந்த டாக்டர்களுக்கு அம்மா பேசப் போகிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும்.

“நாலு. வாந்தி எடுக்குற பூனையோட நாக்கைத் தூக்கிப் பார். அடியில நூல் சுத்திக் கெடக்கும். கண்டா இழுக்காதே, குடல் கிழிஞ்சிரும். ஏழு. கடுவன் பூனை மணல்ல உக்காந்து முக்கிட்டே இருந்தா மலச்சிக்கல்னு நம்பாதே. மூத்திரப்பையத் தொட்டுப் பார். பதினொண்ணு. பூனைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துட்டு வந்தவங்க அதை முதல்ல சொல்ல மாட்டாங்க. மூணு தரம் கேள்.”

“மூணு தரம் கேட்டா கடிச்சிர மாட்டாங்களா?”

“அடி.”

“என்னையா?”

“டைப் அடிட்டி.”

பத்தொன்பதாவது குறிப்பை அடிக்கும்போது அம்மா எழுந்து நின்றே சொன்னாள். “கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிஞ்சு, ‘எலும்பு மாட்டியிருக்கு டாக்டர்’னு கூட்டிட்டு வருவாங்க. வாயில கைய விடுறதுக்கு முன்னால தடுப்பூசி விவரத்தைப் பார். தெரியலையா, வெறிநோய்னே நினைச்சுக்கோ.”

எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன். அதைப் பெருமையாக இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். பூசை முடிந்து வந்து பிரியாணி. கிளினிக் லீவு. மத்தியானம் சும்மா இருக்கும்போது ஒரு யோசனை. ‘தடுப்பூசி போட்டதா’ என்று கேட்டால் எல்லாரும் ‘ஆமா’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்லப் போவதை எதற்குக் கேட்க வேண்டும்? அறுபது புது அட்டைகளை எடுத்து எல்லாவற்றிலும் ‘ஆம்’ கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்துவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சம். அறுபது நிமிடம், ஒரு முழு விடுதலை.

இங்கிலீஷில் உண்ணிக்கும் டிக் என்றுதான் பெயர். இன்றைக்கு அறுபது உண்ணி வளர்த்தேன்.

ஏப்ரல் 22

காலை பதினொரு மணிக்கு ஒரு தாத்தா. அய்யம்பெருமாள், உப்பளத்துக் காவலாளி. காலெல்லாம் உப்பு வெடிப்பு. கூட ஒரு செவலை நாட்டு நாய். அதன் வாய் திறந்தபடி தொங்கியது. நாக்கு வெளியே, எச்சில் நூலாக இறங்கியது.

“பேரு சொல்லுங்க.”

“சூப்பர்வைசர்.”

“உங்க வேலை இல்ல தாத்தா, நாய் பேரு.”

“அதாம்மா அவன் பேரு. நான் வெறும் வாட்ச்மேன்தான்.”

வயது நாலு. தொந்தரவு: வாய் மூடவில்லை, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. “மீன் முள்ளோ எலும்போ மாட்டிக்கிட்டு கெடக்கு தாயி” என்றார். மேசையில் ஒரு பொமரேனியன் என் பேனாவைத் தின்றுகொண்டிருந்தது. வாசலில் இன்னும் ஆறு பேர். அட்டையை உள்ளே அனுப்பினேன்.

உள்ளேயிருந்து அம்மா குரல்: “ஜோஸி, இவனுக்குத் தடுப்பூசி?”

“டிக் இருக்கு.”

பொய் இல்லை. டிக் இருந்தது.

உறை போட்ட விரலுக்குத் தட்டுப்படவில்லை என்று அம்மா உறையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் தேடினாள். எலும்பும் இல்லை, முள்ளும் இல்லை. கையை எடுக்கும்போது நாய் தலையை உதற, பல் பட்டு அம்மாவின் கட்டைவிரலில் ஒரு கீறல். ரத்தம் வந்தது. அம்மா குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். நாய்களைப் பிடித்துக்கொள்ளும் இசக்கியண்ணன் மட்டும் முகம் சுண்டி நின்றார்.

“எதுக்கும் ஒரு ஊசி போட்டுருங்க டாக்டரம்மா.”

“தடுப்பூசி போட்ட நாய்தானப்பா. பின்கூண்டுல வைப்போம். பத்து நாள் பாப்போம்.”

“அதென்ன பத்து நாள்?” என்று நான் கேட்டேன். சும்மாதான்.

“கடிக்கும்போது அதோட எச்சில்ல வெறிநோய்க் கிருமி இருந்திருந்தா பத்து நாளைக்குள்ள நாய் செத்துரும். சாகலைன்னா அது இல்லைன்னு அர்த்தம்.”

“கடிபட்டவங்க?”

“அறிகுறி வந்துட்டா மருந்தே கெடையாது. அதுக்கு முன்னால ஊசி போட்டுரணும்.” கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே, கறிவேப்பிலை விலை சொல்வது போலச் சொன்னாள். “எனக்கென்ன, அட்டையில இருக்கே.”

இந்தப் பக்கத்தில் நாடாப்புழு. நீளமாக இருக்கிறது.

ஏப்ரல் 23

நாலு மணிக்கு அய்யம்பெருமாள் தாத்தா சூப்பர்வைசரைப் பார்க்க வந்தார். கூண்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து உப்பளத்துச் சேதி எல்லாம் சொன்னார். யார் வந்தது, எந்தப் பாத்தியில் தண்ணீர் விட்டது. நாய் காதைத் தூக்கிக் கேட்டது. கண் தெளிவாகத்தான் இருக்கிறது.

அம்மா வெளியே வந்து, “அய்யா, இவனுக்குக் கடைசியா எப்ப...” என்று ஆரம்பித்தபோது என் கையிலிருந்த கத்தரிக்கோல் தட்டு கீழே விழுந்தது. பெரிய சத்தம். மூன்று நாய் குரைத்தது. அம்மா என்னைத் திட்டினாள், கேட்க வந்ததை மறந்தாள்.

கை வழுக்கிவிட்டது. வெயில் அப்படி.

ஏப்ரல் 24

அலகு வெட்ட வந்திருந்த கிளி, தாத்தா வரும் நாலு மணிக்குச் சரியாகக் கூண்டைவிட்டுப் பறந்து மின்விசிறி மேல் உட்கார்ந்தது. விசிறி ஓடவில்லை, அதைப் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளைத் தொட்டேன். இசக்கியண்ணன் துண்டோடு அரை மணி நேரம் ஏணியில். அதற்குள் தாத்தா கிளம்பிப் போய்விட்டார்.

“ஒனக்கு என்னட்டி கேடு?” என்றாள் அம்மா.

பொழுது போகவில்லை என்றேன். கிளிகூட அதை நம்பியிருக்காது.

ஏப்ரல் 25

சூப்பர்வைசர் தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கை விட்டு நிற்கிறது. நாக்கு போகிறது, தண்ணீர் வாயில் நிற்கவில்லை. குளுக்கோஸ் ஏறுகிறது.

அம்மா கூண்டுக்கு முன்னால் நின்று எனக்குத்தான் சொன்னாளா, தனக்கா தெரியவில்லை. “தாடைய மூடுற நரம்பு ரெண்டு பக்கமும் வீங்கிட்டா இப்படித்தான் தொங்கும். தொண்டை நல்லா இருக்கும், ஆளும் தெளிவா இருக்கும். ரெண்டு மூணு வாரத்துல தானா சரியாயிரும்.”

“வெறிநோய்லயும் இப்படித்தானே தொங்கும்?”

“ஆமா. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நல்லவேளை, இவனுக்குத் தடுப்பூசி இருக்கு.”

கட்டைவிரலைப் பார்த்தேன். சின்னப் பொருக்கு கட்டியிருக்கிறது. அம்மா அதே கையால் என் நெற்றியைத் தொட்டு, “காய்ச்சலா? வாயே திறக்க மாட்டேங்கே” என்றாள்.

சூப்பர்வைசரால் வாயை மூட முடியவில்லை. என்னால் திறக்க முடியவில்லை. இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 26

பனிமய மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. “பொய் சொன்னேன் சாமி” என்று மொத்தமாகச் சொன்னேன். சாமி சில்லறை கேட்கவில்லை. “வேற?” என்றார். “அவ்வளவுதான்.” ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

முப்பது சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால், சூப்பர்வைசர் வந்த மறுநாளிலிருந்து நான் தொடாத அந்த அறுபது அட்டையில் நாற்பத்தொன்று அப்படியே இருந்தது, டிக்கோடு.

ஏப்ரல் 27

ஞாயிறு. லீவு என்றாலும் கூண்டுகளைப் பார்க்க அம்மாவும் இசக்கியண்ணனும் கீழே போனார்கள். நானும் போனேன். எங்கே போக?

“தெளிவா இருக்கான். நரம்புதான்” என்றாள் அம்மா. “இசக்கி, சோத்தை உருண்டையாப் பிடி. நாக்குக்குப் பின்னால உள்ள தள்ளி வை, முழுங்குவான். உறை போட்டா வழுக்கும், வெறுங்கையால வை. நான் கழுத்தைப் பிடிக்கேன்.”

இசக்கியண்ணன் மீன் பிசைந்த சோற்றை உருட்டினார். அவர் உயரமான ஆள், அதனால் முட்டி போட்டார். சூப்பர்வைசர் வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. கை போயிற்று.

இசக்கியண்ணன் அவர் வாழ்நாளில் ஊசியே போட்டதில்லை. அதை அவரே பெருமையாக எனக்குப் பலதடவை சொல்லியிருக்கிறார்.

“கைய எடுங்கண்ணே.”

என் குரல்தான். கத்தியிருக்கிறேன் போல. அவர் கை பாதியில் நின்றது.

“என்னட்டி?” என்றாள் அம்மா.

“அவனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கானு நான் கேக்கல.”

“டிக் இருந்துச்சே.”

“கேக்காமப் போட்டேன். ஈஸ்டர் அன்னைக்கே. எல்லாத்துலயும்.”

சோற்று உருண்டை தரையில் விழுந்தது. நாய் அதைப் பார்த்தது. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் நாயின் கழுத்திலிருந்து கையை மெதுவாக எடுத்தாள். கூண்டைப் பூட்டினாள்.

“இசக்கி, போய்க் கைய கழுவு. நல்லா கழுவு. ஜோஸி, எத்தனை அட்டை?”

“அறுவது.”

“எத்தனை போயிருக்கு?”

“பத்தொம்பது.”

அடுத்து அவள் செய்தது தாத்தாவுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டாள். எனக்காகத்தான்.

“அய்யா, சூப்பர்வைசருக்கு வெறிநோய்த் தடுப்பூசி எப்பவாவது போட்டிருக்கீங்களா?”

“இல்லியே தாயி. யாரும் கேக்கலியே. போடணுமா?”

பிறகு மேலே போய்ப் பீரோவில் எதையோ தேடினாள். கல்லூரியில் படிக்கும்போது முன்கூட்டியே போட்ட ஊசிக்கான மஞ்சள் அட்டை. அது இருப்பதால் இப்போது இரண்டு ஊசி போதும், இன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. ஆனால் அது அன்றைக்கே போட்டிருக்க வேண்டியது. ஐந்து நாள் போய்விட்டது.

“பரவாயில்லையாம்மா? இப்ப போட்டாலும்?”

“போடாம இருக்குறதுக்கு இது மேல்.” சாவியை எடுத்தாள். “வா, நீயும் ஸ்கூட்டர்ல ஏறு.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு அட்டை எடுத்து அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர். வயது. எந்த இடத்தில் கடி. “நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “சொல்லு.”

“இல்ல” என்றேன்.

நர்ஸ் டிக் போட்டார். கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

ஏப்ரல் 28

பத்தொன்பது வீட்டுக்கும் நானே போன் செய்ய வேண்டும் என்று உத்தரவு. அம்மா என்னிடம் இப்போது நம்பர்களில் மட்டும்தான் பேசுகிறாள். “அடுத்தது.” “எத்தனை ஆச்சு?”

“அக்கா, கிளினிக்ல இருந்து பேசுறேன். உங்க பிரௌனிக்குத் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?”

“அன்னைக்கு உன்கிட்டதானே வந்தேன், அட்டையில எழுதலையா?”

“எழுதிட்டேன் அக்கா. கேக்கத்தான் இல்ல.”

ஒரு அண்ணாச்சி, “பூனைக்கெல்லாமா போடுவாங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு ஆச்சி போனை நாயிடம் கொடுத்துவிட்டார். மொத்தக் கணக்கு: பதினொன்று ‘ஆம்’, எட்டு ‘இல்லை’. எல்லாரும் ‘ஆமா’ என்றுதான் சொல்வார்கள் என்று எழுதியவளை இதே டைரியில் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் உருண்டைப்புழு.

எட்டு பேரும் இந்த வாரமே வருகிறார்கள். மிச்சம் நாற்பத்தொரு அட்டையைக் கிழிக்கலாமா என்றேன். “வேண்டாம். மேசையிலயே இருக்கட்டும்” என்றாள் அம்மா.

ஏப்ரல் 29

உயிரோடு இருக்கிறது.

ஏப்ரல் 30

அம்மாவுக்கு இரண்டாவது ஊசி. இசக்கியண்ணனுக்கும் முன்கூட்டிப் போடும் ஊசிகளில் முதலாவது. அவ்வளவு பெரிய ஆள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். “பாப்பா, நீ கத்தலைன்னா...” என்றார். அதை முடிக்க வேண்டாம் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். கத்துவதற்கு ஐந்து நாள் எடுத்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

சூப்பர்வைசருக்குச் சாப்பாடு நீளமான குழாய் வழியாக, கம்பிக்கு வெளியே நின்று அம்மா கொடுக்கிறாள். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, இரண்டு உறை. விழுங்குகிறது. நாயை யாரும் தொடுவதில்லை. அதற்கு ஏன் என்று தெரியாது. வாலை ஆட்டிவிட்டு, யாரும் வராததால் நிறுத்திக்கொள்கிறது.

மே 1

ஒன்பதாம் நாள். காலையில் எழுந்திருக்கவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கூப்பிட்டால் காது அசையவில்லை. அம்மா கூண்டுக்கு முன்னால் கை கட்டி நின்றாள். கட்டைவிரலை உள்ளே மடித்து வைத்திருந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை இறக்கிவிட்டாள்.

“உங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல” என்றாள். மூன்று நாளில் நம்பர் இல்லாத முதல் வாக்கியம்.

“சொல்ல வேண்டி வராது” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். எந்தத் தட்டையும் தள்ளிவிடவில்லை. தாத்தா வந்தார், தூரத்தில் நிற்கச் சொன்னோம், நின்றார். “சூப்பரு, மூணாம் பாத்தியில உப்பு அள்ளிட்டாங்கல. நீ இல்லாம எவனும் ஒழுங்கா வேலை பாக்கல” என்றார்.

வால் ஒரு தடவை தரையில் தட்டியது. பிறகு நாய் எழுந்தது, தள்ளாடி. அம்மா உடனே நேற்றிலிருந்து உள்ளே போன தண்ணீரைக் கணக்குப் பார்த்து, “சூடுதான் சாச்சிருக்கு” என்றாள். கிளினிக்கின் பின்பக்கம் தகரக் கூரை. மே மாத வெயில். மின்விசிறியைத் திருப்பி வைத்து, கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். அந்தத் தகரத்தடியில் நாய்க்கு எப்படி இருக்கும் என்று ஒரு தடவை யோசித்திருந்தால் இது எனக்கே தெரிந்திருக்கும்.

மே 2

பத்தாம் நாள்.

ஆறு மணிக்கே இறங்கிப் போனேன். பதினேழு படியிலும் நின்று நின்று போனேன். சூப்பர்வைசர் கம்பியில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தது. தாடை இன்னும் தொங்குகிறது, ஆனால் கொஞ்சம் மேலே. கிண்ணத்தில் தண்ணீரை நக்கியது. பாதி சிந்தியது. பாதி உள்ளே போயிற்று.

அம்மா வந்து ஐந்து நிமிடம் பார்த்தாள். கூண்டைத் திறந்து, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். நாய் தன் எச்சில் முகத்தை முழுதாக அவள் தோளில் வைத்தது.

பிறகு மருந்து எண்ண வேண்டும் என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடம் எண்ணினாள். அங்கே இருந்தது மொத்தம் இரண்டு பெட்டி.

மே 9

வரும் ஞாயிறு மதுரையில் கூட்டம். குறிப்புகளைக் கடைசியாகத் திருத்தினோம்.

“பத்தொம்பதை மாத்தணும்” என்றாள் அம்மா. “‘தடுப்பூசி விவரத்தைப் பார்’ங்கிறதை எடு. ‘கூட்டிட்டு வந்தவங்களை நீயே கேள். உன் காதால கேக்குற வரைக்கும் கைய விடாதே’னு போடு. கீழ ஒரு வரி. ‘இதைத் தெரிஞ்சும் ஒரு டாக்டரம்மா கைய விட்டிருக்கா’னு.”

“அட்டை எழுதினவ பேரைப் போடவா?”

“அட்டைய நம்பினவ பேரைப் போடு.”

விரல் சாவிப்பலகையில் நின்றது. போட்டேன். டாக்டர் எமல்டா. எழுத்துப்பிழை இல்லை. இந்தத் தடவை பெருமையாக இல்லை.

“என் பேரு?”

“நீ போன்ல பத்தொம்பது பேர்கிட்ட சொல்லியாச்சு. போதும்.” பிறகு, “மதுரைக்கு வாறியா? ஜிகர்தண்டா வாங்கித் தாரேன்.”

“ஜாமீனா?”

“பரோல்.”

மே 14

வாய் மூடிவிட்டது. நேற்று சூப்பர்வைசர் ஒரு முழு வாளை மீன் தலையை மென்று தின்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இன்று விடுதலை, அதற்கு. காலையில் அம்மா தடுப்பூசி போட்டாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டது நான். ஊசி இறங்கும்போது அது என் முழங்கையை நக்கியது. தாத்தா எதிரில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கை கழுவி, முன்மேசைக்கு வந்து, நாற்பத்தொரு அட்டைக் கட்டை ஓரமாகத் தள்ளி, அடியிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தேன். டிக் இல்லாதது. தாத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாய் வெளியே போகத் துடித்தது.

“பேரு?”

“சூப்பர்வைசர். என்ன பாப்பா, தெரியாதா?”

“வயசு?”

“நாலு.”

“வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கா?”

அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், உள்ளே அம்மாவைப் பார்த்தார். “இப்பத்தானே போட்டாங்க. நீதானே தாயி பிடிச்சிருந்த.”

“தெரியும் தாத்தா. நீங்க சொல்லுங்க.”

“போட்டாச்சு” என்றார்.

டிக் போட்டேன். பக்கத்தில் தேதி எழுதினேன். உள்ளேயிருந்து அம்மா, “அடுத்தது” என்றாள்.